நாலுவழிச் சாலை வந்தால் ஊர் டவுனாகுமா?

கேள்வி, 9 ஜூன் 2023

ஐயா, எங்க ஊரு சேத்தியாத்தோப்புக்கும் மீன்சுருட்டிக்கும் நடுவுல. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலை எங்க நஞ்சைக்கு முந்நூறு மீட்டர்ல போகுது. இப்பவே ஏக்கருக்கு நல்ல விலை கேக்குறாங்க. அப்பா வித்துடலாங்கிறார், நான் வேண்டாங்கிறேன். ரோடு முழுசா முடிஞ்சா பத்து வருஷத்துல ஊரே டவுனாயிடும், அப்ப ஏக்கர் கணக்கு போய் சென்ட் கணக்கு வந்துடும்னு நினைக்கிறேன். சரிதானே?

9 ஜூன் 2023, இரவு

கணக்கு தப்பு.

ரோடு எத்தனை வழி என்பது நிலத்துக்கு விலை வைப்பதில்லை. வண்டி எங்கே இறங்கித் திரும்புகிறதோ அந்த இடம்தான் விலை வைக்கும். உங்கள் நஞ்சையிலிருந்து கிட்டத்துச் சுரங்கப்பாதை, அதாவது ரோட்டுக்கு அடியில் வண்டி கடந்து திரும்பும் வழி, எத்தனை தூரம்? சர்வீஸ் ரோடு உங்கள் பக்கம் உண்டா, உண்டென்றால் எங்கே முடிகிறது? முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். முந்நூறு மீட்டர் காக்காய்க்குச் சரி, லாரிக்கு அது நாலு கிலோமீட்டராக இருக்கலாம்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் 31 வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ரோட்டுக்கு முன்னால், ரோட்டுக்குப் பின்னால், இரண்டையும் என் கையால் எழுதியிருக்கிறேன்.

10 ஜூன் 2023

நேற்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் அப்பாவுக்குப் பழைய சென்னை–திருச்சி டிரங்கு ரோட்டில் டீக்கடை. இரண்டு பக்கமும் புளியமரம். புளி உலுக்குகிற பருவத்தில் மரத்தை ஏலம் எடுத்தவர்கள் சாக்கோடு வந்து நிற்பார்கள், அவர்களுக்கும் அப்பாதான் டீ. ராத்திரி திருச்சி பஸ் நின்றால் நாற்பது டீ ஓடும். பெஞ்சு அளவுதான் கடை. எங்கள் மூன்று பேர் படிப்பும் அக்கா கல்யாணமும் அந்த பெஞ்சிலிருந்து வந்தவை.

2006 வாக்கில் நாலுவழி வேலை தொடங்கியது. மரங்கள் முதலில் போயின. பிறகு ஊருக்கு வெளியே பைபாஸ். அது திறந்த வாரம் பஸ் நிற்பது பாதியானது. அப்புறம் 'பைபாஸ் ரைடர்' என்று கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொண்டு ஊருக்குள்ளேயே வராத பஸ்கள். அப்பா ஆறு மாசம் வழக்கம்போல விடியற்காலை நாலு மணிக்குக் கடை திறந்தார். "சத்தமில்லாம தூக்கம் வர மாட்டேங்குதுடா" என்பார். வியாபாரம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

என் தம்பி சேலம் ரோடு வந்து சேரும் பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டான். இன்று அது இரண்டு மாடி. அப்பா கடைக்கும் தம்பி கடைக்கும் ஒரே ஊர், ஒரே மாஸ்டர், ஒரே பால்காரர். தம்பி கடை முன்னால் வண்டி திரும்பும், அப்பா கடை முன்னால் திரும்பாது. வேறு வித்தியாசம் கிடையாது.

அப்படித் திரும்பும் இடத்தில் என்னென்ன முளைத்தது என்றும் வரிசை நினைவிருக்கிறது: பஞ்சர் கடை, டீக்கடை, பரோட்டாக் கடை, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம். மண்டபம் வந்துவிட்டால் அந்த இடம் நிலைத்துவிட்டது என்று அர்த்தம். முந்நூறு கார் நிறுத்த ஊருக்குள் எவனுக்கு இடம் இருக்கிறது?

12 ஜூன் 2023

அந்த டிரங்கு ரோட்டை நான் ஒரு பதிலில் என்.எச். 45 என்று எழுதியதற்கு ஒருவர் திருத்தியிருக்கிறார். சரி. 2010ல் எண்களை மாற்றினார்கள். இப்போது சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32, திண்டிவனம்–விழுப்புரம் 132, விழுப்புரத்திலிருந்து திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை 38. ஒரே ரோட்டில் பஸ் ஏறி உட்கார்ந்தால் திருச்சிக்குள் மூன்று நம்பர். பத்திரத்தில் நாங்கள் இன்னமும் 'டிரங்கு ரோடு' என்றுதான் எழுதுகிறோம். ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோடு என்று எழுதினால் 2017க்குப் பிறகு வந்த பிள்ளைகள் வரி எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

15 ஜூன் 2023

நான்கெல்லை என்று பத்திரத்தில் ஒரு பகுதி வரும். இந்தச் சொத்துக்குக் கிழக்கே எது, மேற்கே எது என்று. ஊர் எப்படி மாறியது என்று தெரிய வேண்டுமானால் அதைப் படித்தால் போதும். 1990களில் நான் எழுதியது: 'வண்டிப்பாட்டைக்கு மேற்கு, ஏரி வாய்க்காலுக்கு வடக்கு, பனைமர வரிசைக்குத் தெற்கு'. 2008ல் எழுதியது: '30 அடி திட்டச் சாலைக்கு மேற்கு, மனை எண் 41க்கு வடக்கு'. அதே புல எண். பனை இல்லை, வாய்க்கால் வரைபடத்தில் மட்டும் உண்டு. அந்த 30 அடி சாலையும் அப்போது கிடையாது, கல் நட்டு நூல் கட்டியிருந்தார்கள்.

ரோட்டுக்கு நிலம் எடுப்பது எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956ன்படி முதலில் 3ஏ அறிவிக்கை, இன்ன நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று பேப்பரில் வரும். 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். அடுத்து 3டி. அது வந்த அன்றே நிலம் மத்திய அரசுடையது, பணம் வந்ததோ இல்லையோ. 3ஜி-யில் இழப்பீடு நிர்ணயம். போதவில்லை என்றால் நடுவரிடம் போகலாம், எங்கள் பக்கம் நடுவர் கலெக்டர். கிராமத்தில் 'மூணு ஏ வந்துடுச்சா' என்று கேட்பது இதைத்தான்.

இழப்பீட்டை எதை வைத்துப் போடுகிறார்கள்? அக்கம்பக்கத்தில் முந்தைய வருஷங்களில் பதிவான கிரயப் பத்திரங்களை வைத்து. இங்கேதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. எங்கள் பகுதியில் எல்லாரும் முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து, பேசிய விலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பத்திரத்தில் காட்டுவார்கள். பதிவுக்கென்று அரசாங்கம் வைத்த வழிகாட்டி மதிப்புக்கு மேல் ஒரு ரூபாய் எழுதமாட்டார்கள். எழுதச் சொன்னது அவர்கள், எழுதியது நான். 2005, 06ல் நில எடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் மேசைமேல் மாதிரிப் பத்திரங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். பாதி என் கையெழுத்து. அரசாங்கம் ஏமாற்றிவிட்டது என்று சத்தம் போட்டவர்களோடு நானும்தான் நின்றேன், பின்வரிசையில்.

15 ஜூன் 2023, மறுபடியும்

மேலே உள்ளது பழைய கணக்கு. 2015 ஜனவரி 1 முதல் நெடுஞ்சாலைக்கும் 2013 நில எடுப்புச் சட்டத்து இழப்பீடுதான்: வழிகாட்டி மதிப்பு, மூன்று வருஷக் கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரி, இரண்டில் எது அதிகமோ அது. கிராமப்புறத்துக்கு அதற்கு மேல் ஒரு பெருக்கல். எல்லாம் போட்டு வந்த தொகைக்குச் சமமாக, கட்டாயமாக நிலத்தை எடுப்பதற்கு ஆறுதல் தொகை. உங்கள் பக்கம் நிலம் கொடுத்தவர்களுக்கு எங்களை விட நல்ல காலம். ஆனால் பத்திர மதிப்பைக் குறைத்துப் போட்ட ஊரில் எதை இரண்டால் பெருக்கினாலும் குறைவுதான்.

16 ஜூன் 2023

கேட்டவர் இன்னும் சுரங்கப்பாதை தூரம் சொல்லவில்லை.

2 ஜூலை 2023

சொல்லிவிட்டார். 2.3 கிலோமீட்டர். சர்வீஸ் ரோடு எதிர்ப்பக்கம். வயது 27 என்றும் சொன்னார், ஆகவே இனி தம்பி.

தம்பி, இன்னொன்று. உங்கள் ஊர் காட்டுமன்னார்கோயில் ஒன்றியம் என்றால் 2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் வருகிறீர்கள். அதனால் எண்ணெய்க் கிணறு போன்றவை வராது என்று நிம்மதியாக இருக்கலாம். அதே சட்டம் சாலை, மின்சாரம், குழாய் மாதிரி கட்டமைப்பு வேலைகளைத் தடுக்கவில்லை. 'வேளாண் மண்டலம், இனி மனை போட முடியாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'மனை போட்டுவிடலாம், எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்கிறவரையும் நம்பாதீர்கள். நஞ்சையை மாற்றக் கலெக்டர் இசைவு வேண்டும்.

எங்கள் பக்கம் அதெல்லாம் யார் கேட்டார்கள்? ரோடு வேலை நடந்த நாலு வருஷத்தில் இரண்டு பக்கமும் கல் நட்டார்கள். வேனில் கூட்டி வந்து பிரியாணி போட்டு மனை விற்றார்கள். வாங்கியவர்களில் பாதிப்பேர் சென்னை, அந்த மனையை இன்றுவரை இரண்டாம் முறை பார்த்திருக்கமாட்டார்கள். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்றதும் எங்கள் தெருவில் மூன்று பத்திரக்கடை மூடினார்கள். மறு வருஷம் வரன்முறைப்படுத்தும் விதி வந்தது, கட்டணம் கட்டிப் பலர் சரிசெய்துகொண்டார்கள். வரன்முறை ஆனது காகிதம். நிலத்தில் சீமைக்கருவேல்.

விவசாயமும் இல்லை, வீடும் இல்லை. ரோடு எங்கள் நிலத்துக்குச் செய்த பெரிய மாற்றம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டவுனாகவில்லை, தரிசாகியது.

3 ஜூலை 2023

"உங்களுக்கு எத்தனை மனை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு. 2009. பிரியாணி சாப்பிட்டேன். அடுத்த கேள்வி?

12 ஜூலை 2023

அப்பா கடைப் பக்கம் நேற்று நடந்தேன். 10ஆம் தேதி எழுதியதில் பழைய ரோடு செத்துவிட்ட மாதிரி தொனி வந்துவிட்டது. அது சரியில்லை. ஏழெட்டு வருஷம் வாடகை விழுந்து கிடந்தது உண்மை. இப்போது அங்கே காய்கறி, பாத்திரம், துணி, உரக்கடை. லாரி இல்லாததால் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். நான் சின்னப்பையனாக இருந்தபோது அந்த ரோட்டைக் கடக்க அம்மா கையைப் பிடிக்கவேண்டும். அப்பா கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர்.

பைபாஸ் என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேலம்–உளுந்தூர்பேட்டை ரோட்டை நாலுவழியாகப் போட்டுவிட்டு ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்களின் பைபாஸை மட்டும் இருவழியாக விட்டார்கள். நாலுவழியில் பறந்து வருகிறவன் அதே வேகத்தில் இருவழிக்குள் நுழைவான், எதிரே இன்னொருவன் அதே வேகத்தில். எத்தனை வாரிசுச் சான்று விண்ணப்பம் எழுதியிருக்கிறேன் என்று எண்ணவில்லை.

20 ஆகஸ்ட் 2023

மகன் வீட்டில் பத்து நாள். நாவலூர். பழைய மகாபலிபுரம் சாலை.

அங்கே என் சூத்திரம் உதைக்கிறது. ஊருக்கு வெளியே திரும்பும் இடம்தான் எல்லாம் என்றேன். இங்கே ஒவ்வொரு கேட்டும் திரும்பும் இடம். 2000ல் டைடல் பார்க், 2008ல் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஆறுவழி. நடுவில் உப்பங்கழியும் வயலுமாக இருந்த ஊர்கள் கண்ணாடிக் கட்டடமாகிவிட்டன. ஆகவே சாலை ஊரை வளர்க்கவே வளர்க்காது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சாலையோடு வேலையும் வந்தது. வேலை வராத சாலை வேறு.

ஆனால் வரிசையைப் பாருங்கள். ரோடும் கட்டடமும் முதலில், தண்ணீர் கடைசி. மகன் இருக்கும் குடியிருப்பில் காலை ஐந்து மணிக்கு அலாரம் வேண்டாம், தண்ணி லாரி பின்னால் வரும் பீப் சத்தம் போதும். பள்ளிக்கரணை சதுப்பைத் தின்று எழுந்த பகுதிகளுக்கு 2015 டிசம்பரில் தண்ணீர் லாரி இல்லாமலே வந்தது, முதல் மாடி வரை. ஆறுவழி போதவில்லை என்று இப்போது நடுவில் மெட்ரோ தூண்கள், அதனால் ஆறு நாலாகிவிட்டது. அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்று நம்புகிறவர்களை மாலை ஆறரைக்கு சோழிங்கநல்லூர் சிக்னலில் நிறுத்தவேண்டும். ரோடு அகலமானதால்தான் அத்தனை பேர் அங்கே வீடு வாங்கினார்கள், வாங்கியதால் ரோடு நிரம்பியது. என் மகனும் அப்படி நிரப்பியவர்களில் ஒருவன்.

22 ஆகஸ்ட் 2023

ரயிலில் திரும்பும்போது யோசித்தது, சம்பந்தம் உண்டா பாருங்கள். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டில் 3,000க்கும் மேல் கடை மூடியது. சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர் என்று கடைசி நேரத்தில் தளர்த்தினார்கள். கடைகள் ரோட்டை விட்டு வயலுக்குள் போயின. ஒரு வாரத்தில் எனக்கு ஐந்து வாடகை ஒப்பந்தம், ஐந்தும் கரும்புக் கொல்லை ஓரம். அதுவரை மாட்டு வண்டி மட்டும் போன பாட்டையில் ஒரே மாசத்தில் முட்டைக் கடை, சுண்டல் கடை, பைக் நிறுத்தம். பெண்கள் துடைப்பத்தோடு வந்து பூட்டுப் போட்டார்கள், சுண்டல் கடை காலி.

ஒரு இடத்தை டவுனாக்க நாலுவழிச் சாலை தேவையில்லை என்பதற்கு இது உதாரணம். அரசாங்கம் இதைத் திட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

14 ஜனவரி 2024

பொங்கலுக்கு எல்லாரும் வருகிறார்கள், செங்குறிச்சி சுங்கச்சாவடியில் வரிசை. வெள்ளரிக்காய் விற்கும் அக்கா ஒருவரிடம் பேசினேன். டோல் வந்தபோது நல்ல வியாபாரமாம். வண்டி நின்று சில்லறை எண்ணும் நேரத்தில் இரண்டு பொட்டலம் போய்விடும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது, வண்டி நிற்பதில்லை. "பொங்கல், தீபாவளி, மூணு நாள் லீவு, இதுக்குத்தான் வரேன் சார்" என்றார்.

என் முதல் குறிப்பைத் திருத்திக்கொள்கிறேன். திரும்பும் இடம் என்று சொன்னதற்குப் பதில் நிற்கும் இடம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதை எடுத்துவிட முடியும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

உளுந்தூர்பேட்டைக்காரர்கள் சர்வீஸ் ரோட்டில் உளுந்து காயவைப்பதைச் சிலர் படம் எடுத்துப் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். களம் எல்லாம் மனையாகிவிட்டது. எங்கே காயவைப்பது, உங்கள் மொட்டைமாடியிலா?

8 டிசம்பர் 2024

புயல் பெயர் ஃபெஞ்சல். நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் கொட்டித் தீர்த்தது. 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையாற்றில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்தார்கள். அரசூர் பக்கம் தண்ணீர் நெடுஞ்சாலைக்கு மேலே ஓடியது. சென்னை–திருச்சி வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். தென்னாட்டின் முதுகெலும்பு என்று சொல்கிற ரோடு, டிராக்டர் டயர் உயரத் தண்ணீரில் நின்றது.

ரோட்டு மேடுதான் தண்ணீரைத் தடுத்தது என்று ஊரில் பேசுகிறார்கள். அதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். அவ்வளவு தண்ணீர் வந்தால் மேடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீடு முழுகும். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு நான் போய்ப் பார்த்த வயல்களில் கிழக்குப் பக்கம் சேறு தெரிந்தது, மேற்குப் பக்கம் இன்னும் தண்ணீர் தேங்கியிருந்தது. நடுவில் ரோடு. ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகச் சிறுபாலம் ஒன்று, அதன் வாயில் கருவேல முள்ளும் தெர்மாகோலும்.

தம்பி, உங்கள் பக்கம் வீராணத்து மண். சமவெளி, வடிகாலை நம்பி வாழும் ஊர். சுரங்கப்பாதை தூரத்தைக் கேட்ட நான் உங்களிடம் சிறுபாலம் எங்கே, எந்த வாய்க்கால் அதில் போய்ச் சேர்கிறது என்று முதலிலேயே கேட்டிருக்கவேண்டும். ஒன்றரை வருஷம் தாமதம்.

11 பிப்ரவரி 2025

கடையில் கூட்டம். நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு 1997–2015 காலத்துக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் உண்டு என்று 2019ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது முன்தேதியிட்டுச் செல்லும் என்று போன வாரம் மறுபடியும் சொல்லிவிட்டது. 2006ல் கையெழுத்துப் போட்டவர்கள் வருகிறார்கள். பலர் இல்லை, பிள்ளைகள் வருகிறார்கள். பழைய தீர்ப்பாணை நகலை மஞ்சள் பையிலிருந்து எடுக்கிறார்கள்.

ஆறுதல் தொகை, கிடைத்தால், அன்று நிர்ணயித்த மதிப்பில் சதவீதம். அந்த மதிப்பு எந்தப் பத்திரத்திலிருந்து வந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்லவுமில்லை. மனு எழுதக் காசு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

30 மார்ச் 2025

தம்பி எழுதியிருக்கிறார். அவர் அப்பா ஒரு ஏக்கர் விற்றுவிட்டார், இரண்டு ஏக்கர் மிச்சம். இந்த வருஷம் சம்பா அறுத்தாயிற்று, நெல்லை நாலுவழிச் சாலையில் காயவைத்ததாகப் படம் அனுப்பியிருக்கிறார். போக்குவரத்துப் போலீஸ் திட்டினார்களாம். விற்ற ஒரு ஏக்கரில் கல் நட்டிருக்கிறார்கள். பத்திரத்தில் எவ்வளவு மதிப்பு காட்டினார்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

2 ஏப்ரல் 2025

என் இரண்டு மனை பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: இன்னும் இருக்கிறது. கிழக்குப் பார்த்தது, வரன்முறை ஆனது, கருவேல் நான் வெட்டித் தருகிறேன். யூ டர்ன் 1,800 மீட்டர். முழு மதிப்புக்குத்தான் பத்திரம்.

2 ஏப்ரல் 2025, மாலை

1,800 இல்லை, அது போகும்போது. வரும்போது 2,600.